ஜெபித்தும் இழந்தவர்களுக்கு என்ன நம்பிக்கை?

கேள்வி இதுதான்: "என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து இரண்டு வருடம் டயாலிசிஸ் ஓடியது. உபவாசம் இருந்தோம். சபையில் முழு இரவு ஜெபம் வைத்தார்கள். நிச்சயம் குணமாவார் என்று ஒருவர் தீர்க்கதரிசனமும் சொன்னார். ஆனால் அவர் இறந்துவிட்டார். விசுவாசக் குறைவால்தான் இப்படி ஆயிற்று என்று சிலர் பேசுகிறார்கள். ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு வார்த்தையே வருவதில்லை. ஒன்பது வயது மகன், 'நாம சரியா ஜெபம் பண்ணலையாம்மா?' என்று கேட்கிறான். எனக்குள் எந்த நம்பிக்கையும் மிச்சமில்லை. கிறிஸ்தவ விசுவாசம் இந்த நிலையில் எனக்கு என்ன தரும்?"

சகோதரி, 'எனக்குள் எந்த நம்பிக்கையும் மிச்சமில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். அதை எழுதும்போது விசுவாசத்துக்கு வெளியே வந்துவிட்டோம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஏறக்குறைய அதே வரி வேதாகமத்தில் இருக்கிறது. புலம்பல் 3:18-ஐ எடுத்துப் பாருங்கள்: "என் பெலனும் நான் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்றேன்." இதை எழுதியவர் அவிசுவாசி இல்லை. இந்த வரியைச் சபை வெட்டி எறியவும் இல்லை, பரிசுத்த வேதம் என்று சொல்லி இத்தனை நூற்றாண்டுகளாக வாசித்து வருகிறது.

அதற்கு நாலு வசனம் தள்ளி வருவதுதான் நம் எல்லாருக்கும் மனப்பாடமான பகுதி. "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." வருடப்பிறப்பு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் இது இருக்கும், காலண்டரில் ரோஜாப்பூ படத்துக்குக் கீழே இருக்கும். ரோஜாப்பூவுக்கும் அந்த வசனத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது வேறு விஷயம். அது எழுதப்பட்ட சூழல் கி.மு. 586-ஐ ஒட்டியது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை நீண்ட காலம் முற்றுகையிட்டு, பட்டினி போட்டு, மதிலை உடைத்து, ஆலயத்தை எரித்துவிட்டுப் போயிருக்கிறது. குழந்தைகள் அப்பம் கேட்கிறார்கள், கொடுக்க ஆளில்லை என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. மூன்றாம் அதிகாரத்தில் அந்த மனிதன் ஆண்டவரைப் பற்றிச் சொல்வதைப் படித்தால் நமக்கே கொஞ்சம் பயமாக இருக்கும். நான் கூப்பிட்டுக் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்கிறான். பருக்கைக் கற்களால் என் பற்களை நொறுக்கினார் என்கிறான். ஜெபம் மேலே போகவில்லை என்ற உங்கள் உணர்வைத்தான் அவனும் சொல்கிறான், உங்களைவிடக் கடுமையாக.

அந்தப் புத்தகம் கட்டப்பட்டிருக்கும் விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். அதில் ஐந்து பாடல்கள். முதல் நான்கும் எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போகின்றன. மூன்றாவது பாடலில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வசனம், ஆக 66. துக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்று விடாமல் சொல்லித் தீர்க்க உட்கார்ந்திருக்கிறான். 'காலைதோறும் புதியவைகள்' என்ற வரி இந்த ஐந்து பாடல்களின் நட்டநடுவில் வருகிறது. அதைச் சொன்னபிறகும் அவன் அழுகை நிற்கவில்லை. அதே அதிகாரத்தில் கண்ணீர் மறுபடி ஓடுகிறது, நான்காம் ஐந்தாம் அதிகாரங்கள் மறுபடி சாம்பலுக்குப் போகின்றன, கடைசி வசனத்தில்கூட ஆண்டவர் எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டாரோ என்ற கலக்கம்தான் இருக்கிறது. நம் சாட்சிக் கூட்டங்களில் கதை வேறு மாதிரி போகும்: முன்பு துக்கம், பிறகு ஜெபம், இப்போது சந்தோஷம், அல்லேலூயா. புலம்பல் புத்தகம் அப்படிப் போகவில்லை. காலையில் கொஞ்சம் நம்பிக்கை வந்து மாலையில் எல்லாம் இருண்டுபோனால் நீங்கள் பின்வாங்கிப் போய்விட்டீர்கள் என்று அர்த்தமில்லை. அந்தப் பாடகனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இப்போது அந்த 'விசுவாசக் குறைவு' பேச்சுக்கு வருகிறேன். இதை மரியாதையாகச் சொல்ல முயல்கிறேன், ஆனால் கோபம் வந்தால் மன்னிக்கவும். அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை அவர்கள் வாசித்ததில்லை போலிருக்கிறது. அதன் இரண்டாம் வசனத்தில் ஏரோது, யோவானின் சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். இயேசு தம் மூன்று நெருங்கிய சீஷர்களில் ஒருவராக மறுரூப மலைக்குக் கூட்டிக்கொண்டு போன அதே யாக்கோபு. ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்து பேதுருவைப் பிடித்துச் சிறையில் வைக்கிறான். சபை ஊக்கத்தோடு ஜெபிக்கிறது, தூதன் வந்து சங்கிலியைக் கழற்றி அவனை வெளியே கொண்டுவருகிறான். பேதுரு நேராக மாற்குவின் தாய் மரியாளின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். வேலைக்காரப் பெண் ரோதை உள்ளே ஓடிப்போய்ச் சொன்னபோது, அங்கே அவனுக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நீ பிதற்றுகிறாய்." ஜெபம் கேட்கப்பட்டு விடுதலையானவன் வாசலில் நிற்கிறான், ஜெபித்தவர்களால் நம்ப முடியவில்லை. அப்படியானால் பேதுரு தப்பியது அவர்களுடைய விசுவாசத்தின் அளவாலா? யாக்கோபு செத்தது யாருடைய விசுவாசம் குறைந்ததாலா? இதை எழுதிய லூக்கா அப்படி ஒரு கணக்கே போடவில்லை. ஒருவன் ஏன் தப்பினான், ஒருவன் ஏன் தப்பவில்லை என்று விளக்கவும் இல்லை. அந்த இரவு அந்த வீட்டில் பேதுருவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் மத்தியில் யாக்கோபுக்காக அழுது கண் வீங்கிப்போனவர்களும் இருந்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

எபிரெயர் 11-ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது. விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள் என்று ஒரு வசனம். மூன்று வசனம் தள்ளி, வேறு சிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்று இன்னொன்று. இருவரும் ஒரே பட்டியலில், ஒரே விசுவாசத்துக்காக நற்சாட்சி பெற்றவர்கள்.

சரி, யோபின் நண்பர்களை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்களே, அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபப்படுவது ஆண்டவரை நோக்கிக் கத்திய யோபின்மேல் இல்லை. ஆண்டவருக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல்தான். இனி யாராவது உங்களிடம் காரணம் சொல்ல வந்தால், யோபு சொன்னதுபோல 'அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். வெளியே சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

குணமாவார் என்று தீர்க்கதரிசனம் சொன்ன விஷயம் இதைவிட ஆழமாகக் குத்தியிருக்கும். ஆண்டவரே வாக்குக் கொடுத்து மாறிவிட்டார் என்று அல்லவா தோன்றும். எரேமியா 28-ல் அனனியா என்று ஒருவன் வருகிறான். பாபிலோனின் நுகத்தைக் கர்த்தர் இரண்டு வருடத்தில் உடைத்துப்போடுவார், ஆலயப் பாத்திரங்களெல்லாம் திரும்பி வரும், சிறைப்பட்டவர்கள் வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் கர்த்தரின் பெயரால் சொல்கிறான். ஜனங்களுக்குக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எரேமியாவும் முதலில் ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதான் சொல்கிறான். அவனுக்கும் அது நடக்கவேண்டும் என்ற ஆசைதான். ஆனால் இரண்டு வருடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அனனியா சொன்னது அவனுடைய வார்த்தை, கர்த்தர் அவனை அனுப்பவில்லை. உங்கள் வீட்டில் வந்து சொன்னவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனாலும் கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னதாகச் சொன்னார். அந்தத் தவறு அவருடையது. அதை ஆண்டவரின் கணக்கில் எழுதாதீர்கள், உங்கள் கணக்கிலும் எழுதாதீர்கள்.

அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் இன்னொரு பிரபலமான அட்டை வசனம் வருகிறது: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் ... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அட்டையில் அச்சிடாத 29:10 என்ன சொல்கிறது? பாபிலோனிலே எழுபது வருஷம் நிறைவேறின பின்பு. இரண்டு வருடம் என்று அனனியா சொன்ன இடத்தில் எழுபது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலேயே சாவார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களிடம் கர்த்தர் சொல்வது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள். பெரிய தரிசனம் எதுவும் இல்லை, அன்றாட வேலைதான். விரும்பாத ஒரு ஊரில், இழந்ததை இழந்த நிலையிலேயே, கத்தரிச்செடி வைப்பது. கிறிஸ்தவ நம்பிக்கை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

ஆனால் வெறுமனே பொறுத்துக்கொண்டு செடி வைப்பது மட்டும்தானா என்றால், இல்லை. அதற்கு அடியில் ஒரு தரை இருக்கிறது. அந்தத் தரை உங்கள் மனநிலை கிடையாது, நடந்து முடிந்த ஒரு சம்பவம். அதைப் பவுலின் வாதத்தைவிட, லூக்கா 24-ல் எம்மாவுவுக்குப் போன இருவரின் கதை வழியாகச் சொல்வது எனக்கு எளிது. ஞாயிற்றுக்கிழமை. எருசலேமிலிருந்து ஒரு பத்துப் பதினொரு கிலோமீட்டர் நடை. இயேசு உயிர்த்தெழுந்தாயிற்று, அவர்களுக்குத் தெரியாது. வழியில் ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். ஏன் துக்கமுகமாயிருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் நின்று சொல்கிறார்கள்: "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நாங்கள் நம்பியிருந்தோம்." நம்பியிருந்தோம். இப்போது இல்லை. எந்த நம்பிக்கை செத்துப்போயிற்று என்று சொல்கிறார்களோ, அந்த நம்பிக்கையே பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, அவர் உயிரோடிருப்பது அவர்கள் நம்பியதால் அல்ல என்பதுதான். அவர்கள் நம்பிக்கை பூஜ்யமாக இருந்த அந்த நேரத்திலும் கல்லறை காலியாகத்தான் இருந்தது. அவர்கள் எருசலேமை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவரும் அதே திசையில் கூடவே நடக்கிறார், முழுக் கதையையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கிறார், சாப்பாட்டு மேசை வரைக்கும் வருகிறார். உங்களால் இன்று நம்ப முடியாதது அவருடைய உயிர்த்தெழுதலை ரத்து செய்துவிடாது. கிறிஸ்தவர்கள் மரணத்தைத் தாண்டி எதையாவது எதிர்பார்க்கிறார்கள் என்றால், ஒரு மனிதர் உண்மையாகச் செத்து, உண்மையாக எழுந்தார் என்பதற்காக மட்டுமே. பவுலும் 1 கொரிந்தியர் 15-ல் அது நடக்காவிட்டால் நம் விசுவாசம் வீண் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறார். எழுந்தவருடைய கைகளில் ஆணித்தழும்பு அப்படியே இருந்தது, தோமாவுக்கு அதைத்தான் காட்டினார். பட்ட பாடு நடக்காததுபோல் ஆகிவிடவில்லை.

அதே அதிகாரத்தில் பவுல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். நம் துக்க வீடுகளில் இதற்கு நேர்மாறாகப் பேசிப் பழகிவிட்டோம். ஆண்டவருக்குப் பிரியமானவர், பூவைப் பறிப்பதுபோல் எடுத்துக்கொண்டார், அழக்கூடாது என்று. லாசருவின் கல்லறையில் என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். உங்கள் கணவரைக் கொன்றது ஒரு நோய், அது சத்துருவின் பக்கம். ஆண்டவர் அந்தச் சத்துருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறார். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும் துக்கப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் சொல்கிறார். அழலாம். எத்தனை மாதம் என்று யாரும் கெடு வைக்க முடியாது.

இவ்வளவும் புத்தியில் ஏறினாலும் மனதில் ஒன்றும் அசையாமல் போகலாம். அது ஒரு பெரிய பிரச்சினை, அதைத் தாண்டிப்போக எனக்கு விருப்பமில்லை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் கூப்பர் என்று ஒரு கவிஞர் இருந்தார். ஆறு வயதில் தாயை இழந்தவர். வாலிபத்திலிருந்தே கடுமையான மனச்சோர்வு நோய், மனநோய் விடுதியில் இருந்தபோதுதான் கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் வந்தார். பிறகு ஓல்னி என்ற சிற்றூருக்குக் குடிவந்தார். அங்கே போதகராக இருந்தவர் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமை வியாபாரக் கப்பல் ஓட்டியவர். இருவரும் எழுதிய பாடல்களின் தொகுப்பு 1779-ல் வந்தது. அதன் 348 பாடல்களில் அறுபதுக்கும் மேற்பட்டவை கூப்பருடையவை, சில இன்றுவரை உலகமெங்கும் பாடப்படுகின்றன. ஆனால் 1773-லேயே அவர் மறுபடியும் உடைந்துபோயிருந்தார். ஆண்டவர் தன்னை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1800-ல் சாகும்வரை அது முழுமையாக அவரை விட்டு நீங்கவில்லை. தன் பாடல்களால் பிறரைத் தேற்றியவருக்குத் தேறுதல் கிடைக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நியூட்டன் என்ன செய்தார் என்பதற்காக. கூப்பர் மோசமாக இருந்த அந்த நாட்களில் நியூட்டனும் மனைவியும் அவரைத் தங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 'உனக்கு விசுவாசம் இல்லை' என்று கதவைச் சாத்தவில்லை. ஊரைவிட்டு லண்டன் போனபிறகும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கூப்பரால் தனக்காக நம்ப முடியாமல் போன காலத்தில் அவருக்காக நம்பிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேர் நினைவிருக்கிறதா? இயேசு கட்டிலில் கிடந்தவனுடைய விசுவாசத்தைத் தேடவில்லை. 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்றுதான் எழுதியிருக்கிறது.

ஆகையால் ஜெபிக்க முடியவில்லை என்றால், உட்கார்ந்து வலுக்கட்டாயமாக வார்த்தை தேட வேண்டாம். ரோமர் 8:26 உங்களுக்கே எழுதியது: ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். பெருமூச்சு விட்டால் போதும். இன்னொன்று, வேறொருவர் எழுதிய வார்த்தைகளைக் கடன் வாங்குங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல்தான், அது அங்கே இருப்பதே இதற்காக. 13-ஐ வாசியுங்கள், ஆறே வசனம்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அதுவும் அதிக நம்பிக்கையாகத் தெரிந்தால் 88-க்குப் போங்கள். அந்தச் சங்கீதத்தில் விடிவே கிடையாது, நண்பர்கள் விலகிப்போய் இருளில் முடிகிறது. ஆனால் முழுக்க முழுக்க ஆண்டவரை நோக்கியே சொல்லப்படுகிறது. அவரிடம் கோபமாகப் பேசுபவன் இன்னும் அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான். சிலுவையில் இயேசுவின் வாயில் வந்ததும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" ஏன் என்று கேட்பது பாவம் என்று இனி யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

ஆராதனைக்குப் போங்கள், ஆனால் கடைசி வரிசையில் உட்காருங்கள். துதிப்பாடலுக்குக் கை தட்ட வராவிட்டால் தட்டவேண்டாம். திருவிருந்து இருந்தால் மட்டும் விடாதீர்கள், அங்கே நீங்கள் எதையும் சொல்லவோ உணரவோ தேவையில்லை, கையை நீட்டி வாங்கினால் போதும். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். சபையில் உங்களோடு சும்மா உட்காரத் தெரிந்த ஒரு அக்காவோ அத்தையோ நிச்சயம் இருப்பார்கள், அதிகம் பேசாதவர்கள். அவர்களை வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். உங்களுக்குப் பதிலாக அவர்கள் ஜெபிக்கட்டும், நீங்கள் அடுப்பில் காபி போட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

எமி கார்மைக்கேல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தவர். 1931-ல் இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பிறகு 1951-ல் சாகும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே வலியோடு கிடந்தார். அவர் குணமாக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! படுக்கையில் இருந்தபடி நோயாளிகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். ஆரோக்கியமாக நடமாடுகிறவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதி அனுப்பிய கைப்பிரதிகள் தனக்கு உதவவில்லை என்று அதில் வெளிப்படையாகவே சொல்கிறார். அவருக்கே அப்படி என்றால், ஆறுதல் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல் வருவதில் ஆச்சரியமில்லை. திறக்காமல் விட்டுவிடுங்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்த உடம்பு அது. எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். அவனுக்கு வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்திருந்து போஜனம்பண்ணு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். இரண்டாம் தரமும் அதே சாப்பாடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற ஒரே ஒரு விளக்கத்தோடு. ஆண்டவர் அவனோடு பேசியது அதற்குப்பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் போய்ச் சேர்ந்தபின்தான். முதலில் சோறும் தூக்கமும். உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். சாப்பிடாமல் கிடப்பதால் உங்களுக்கு வருவது பலவீனம்தான்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, எலியாவைப்போல 'போதும்' என்ற எண்ணம் வருகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசத்துக்கு எதிரானது என்று சொல்பவர்கள் உங்கள் கணவருக்கு டயாலிசிஸ் செய்ததை எதிர்த்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். மிஷனரிகள் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே, பாகாயத்தில் பெரிய மனநலப் பிரிவு இயங்குகிறது. உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்றால் 14416 என்ற டெலி-மானஸ் (இந்திய அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. இதை வாசிப்பவர் இலங்கையில் இருந்தால், அங்குள்ள மனநல உதவி எண் 1926.

மகன் கேட்டதுக்கு வருகிறேன், இதை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இதற்குத்தான் நீங்கள் உடனே பதில் சொல்லியாக வேண்டும். அவனிடம் நேராக, 'இல்லடா, நாம நல்லாத்தான் ஜெபம் பண்ணினோம், உன் ஜெபத்தில ஒரு தப்பும் இல்ல' என்று சொல்லுங்கள். அப்பாவின் சிறுநீரகம் வேலை செய்யாமல் போய்விட்டது, டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள், உடம்பு தாங்கவில்லை என்று நோயின் பெயரோடு சொல்லுங்கள். ஆண்டவர் அப்பாவை எடுத்துக்கொண்டார் என்று சொல்லாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அடுத்து அம்மாவையும் எடுத்துக்கொள்வாரோ என்றுதான் தோன்றும். இயேசுவும் கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று ஜெபித்தார், நீங்கவில்லை, ஆனாலும் பிதா அவரை விட்டுவிடாமல் மூன்றாம் நாளில் எழுப்பினார், அப்பாவையும் ஒரு நாள் எழுப்புவார் என்று சொல்லலாம். அது ஏன் இப்போதே நடக்கவில்லை என்று கேட்டால், அம்மாவுக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவன் முன்னால் அழுகை வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டாம். இதே கேள்வியை அவன் பத்துத் தடவை கேட்பான், ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். விசுவாசக் குறைவு என்ற பேச்சு அவன் காதில் விழக்கூடாது என்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. உங்களுக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் போதகரைச் சொல்லச் சொல்லுங்கள், அது அவருடைய வேலைதான்.